லோகேஸ்வரி கேட்காத புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் முதலில் வாய் திறப்பது சமையலறை ஸ்பீக்கர்தான். லோகேஸ்வரி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அது முருகன் பாட்டுப் பாடும். மனிதர்கள் அதற்குப் பிறகுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சும் தோசைக்கு என்ன சட்னி என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

அன்றைக்கும் தட்டினாள். பாட்டு வரவில்லை. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் காலை வணக்கம் சொன்னது. சண்டையில்லாமல் கணவனைப் பிரிவது எப்படி என்ற புத்தகத்தைக் கேட்டு முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்றது. அடுத்ததாக, மணவாழ்க்கையை விட்டு வெளியேறிய பெண்களைப் பற்றிய இன்னொரு புத்தகத்தைக் கேட்கலாம் என்றது. அதோடு சேர்த்து வாசிக்க இரண்டு கட்டுரைகளையும் சிபாரிசு செய்தது. முடிவைக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்று. தனியாக இருக்க வீடு பார்ப்பது எப்படி என்பது மற்றொன்று. இவ்வளவையும் சிரித்த குரலில் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் முருகன் பாட்டைப் போட்டது.

லோகேஸ்வரியின் கணவர் ராதாகிருஷ்ணன் மேசையில் பத்திரிகையைப் பிடித்தபடி இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் சட்டென்று திரும்ப மாட்டார். மகன் தனேஷ் போனிலிருந்து தலையைத் தூக்கினான். காப்பாரிலிருந்து வாராவாரம் மீன் வாங்கிக்கொண்டு கிள்ளானில் இருக்கும் அந்த வீட்டுக்கு வரும் ராதாகிருஷ்ணனின் அக்கா இராஜம்மா, மீன் பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். அவளுக்குத் தனக்கு வேண்டிய அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். மருமகள் விஷ்ணுப்ரியா தோசைக் கரண்டியும் கையுமாக அடுப்படியில் நின்றாள்.

ஒலிப்புத்தகம் கேட்கும் அந்தச் செயலிக்கு வீட்டில் ஒரே ஒரு அக்கவுண்ட்தான். ஆளுக்கு ஒன்று எதற்கு என்று தனேஷ்தான் அன்னையர் தினத்தன்று அம்மா பெயரில் ஒன்றைத் திறந்து, எல்லார் போனிலும் போட்டுக் கொடுத்தான். படம் பார்க்க ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று, எல்லாம் குடும்பத்துக்குப் பொது என்பது கிள்ளான் பக்கத்து வழக்கம். ஆகவே யார் எதைக் கேட்டாலும் லோகேஸ்வரி கேட்டதாகத்தான் அந்தக் குரல் நினைத்துக்கொள்ளும். லோகேஸ்வரியோ மண்புழு உரத்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் கேட்கத் தொடங்கி, பாதியில் தூங்கிப் போனவள்.

யார் கேட்டிருப்பார்கள் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. விஷ்ணுப்ரியாவுக்கு வேலையே அதுதான். ரயிலில் போய் வரும் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில், மாடியில் ஓர் அலுவலகம். அங்கே கதை அல்லாத ஒலிப்புத்தகங்களைக் கேட்டு, ஒவ்வொன்றோடும் சேர்த்து வாசிக்கத் தோதான கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, இதைக் கேளுங்கள், கூடவே இதைப் படியுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். "பொருத்தம் பாக்குற வேலைன்னு சொல்லு" என்று இராஜம்மா கிண்டல் செய்வாள்.

அது ஆபீஸ் வேலைக்காகக் கேட்டது என்று விஷ்ணுப்ரியா ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் நம்பியிருப்பார்கள், இராஜம்மா உட்பட. அந்த ஒரு வரிக்காக லோகேஸ்வரி காத்திருந்தாள். வரவில்லை. கல்லில் தோசை கருகியது. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டதே இந்தப் பிள்ளைக்கு என்று லோகேஸ்வரி நினைத்தாள்.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் விஷ்ணுப்ரியாவின் மூன்று மாதக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் தனேஷ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவிடவில்லை. அவள் வாய் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். லோகேஸ்வரியும் தன் பங்குக்கு, விடும்மா, அடுத்தது வரும் என்று சொல்லி, கருவாட்டுக் குழம்பு வைக்கப் போய்விட்டாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

இராஜம்மாவின் பார்வை மெல்ல அடுப்படிப் பக்கம் நகர்ந்தது. அது போய்ச் சேருவதற்குள் லோகேஸ்வரி பேசிவிட்டாள்.

"நான்தான் கேட்டேன் அண்ணி. ஏன், கேக்கக் கூடாதா?"

அவள் போட்ட கணக்கு எளிமையானது. இருபத்தொன்பது வயது மருமகள் பிரிந்து போகப் பார்க்கிறாள் என்று பேச்சு வந்தால், மத்தியானத்துக்குள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிடுவார்கள். பிறகு அவள் இருக்க நினைத்தாலும் இருக்க முடியாது. ஐம்பத்தெட்டு வயதுக்காரி சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கேதான் கணக்குத் தப்பியது.

இராஜம்மா மீன் பையை வைத்துவிட்டு ஆரம்பித்தாள். என் தம்பி உனக்கு என்ன குறை வைத்தான், ஒரு கெட்ட பழக்கம் உண்டா, பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இது என்ன கூத்து என்று அவள் அழுது ஓய்வதற்குள் முருகன் இரண்டு பாட்டு முடித்திருந்தார். தனேஷுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். ராதாகிருஷ்ணன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரிகையை நாலாக மடித்து வைத்துவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் ஏன் கோபப்படவில்லை என்பதுதான் லோகேஸ்வரிக்குப் பயமாக இருந்தது.

இராஜம்மாவின் புண்ணியத்தில் சேதி ரவாங்கிலும் செராஸிலும் இருந்த சொந்தக்காரர்களுக்கு அன்றே போய்ச் சேர்ந்தது. ரவாங்கிலிருந்து ஒரு சொந்தக்காரி போன் செய்து புத்தி சொன்னாள். கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ராதாகிருஷ்ணன் பசியாறுவதை வெளிக் கடையில் வைத்துக்கொண்டார். முப்பத்து நாலு வருஷம் ஒரே கைச் சமையல் சாப்பிட்டவர் மூடி வைத்த தட்டைத் தாண்டிப் போவதை அவள் தினமும் பார்த்தாள். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. விஷ்ணுப்ரியா இரண்டு தடவை சமையலறைக்கு வந்து "அத்தை..." என்று தொடங்கினாள். இரண்டு தடவையும் லோகேஸ்வரி அவள் கையில் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள்.

விஷ்ணுப்ரியாவைக் காலையில் கிள்ளான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவது மாமனாரின் வேலை. வியாழக்கிழமை அவர் காரை முடுக்கியதும், அவர் போன் தானாக இணைந்து காருக்குள் அந்தப் புத்தகம் பேச ஆரம்பித்தது, நடு அத்தியாயத்திலிருந்து. ராதாகிருஷ்ணன் அவசரமாக நிறுத்தினார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு மணிக்கணக்காக அவர் உள்ளே உட்கார்ந்திருந்தது இதற்குத்தான் என்று விஷ்ணுப்ரியாவுக்கு அப்போது புரிந்தது.

ஸ்டேஷன் வந்ததும், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும். போறவங்களுக்கு அது என்னென்னமோ கட்டுரை சொல்லுது. விட்டுட்டுப் போகப்படுறவனுக்கு... அவன் படிக்க ஏதாச்சும் இருக்காம்மா?"

விஷ்ணுப்ரியா எத்தனையோ பேருக்குச் சிபாரிசு எழுதியிருக்கிறாள். யாரும் இப்படி முகத்துக்கு நேரே கேட்டதில்லை. உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ரயில் வந்துவிட்டது. கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. பாடாங் ஜாவா ஸ்டேஷனைத் தாண்டும்போது ஒரு கட்டுரையைத் தேடி எடுத்து அவருக்கு அனுப்பினாள். படுக்கையில் விழுந்த தன் தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மனைவியைப் பற்றி, அந்த மனைவியும் இறந்த பிறகு ஒரு கணவன் எழுதியது. நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது என்று தொடங்கும். பொருத்தமான கட்டுரை என்று அவளுக்குத் தெரியும். மாமியாரின் கதையை இந்த வீட்டில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த, பிள்ளைகளோடு மாமியார் நிற்கும் பழைய பள்ளிக்கூடப் படத்திலிருந்தும், இராஜம்மா வாயிலிருந்து அவ்வப்போது உதிர்ந்ததிலிருந்தும் அவள் சேர்த்து வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு இராஜம்மா மீனோடும் தீர்மானத்தோடும் வந்தாள். ஹாலில் உட்கார்ந்து, இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிய வேண்டும் என்றாள். டிவியில் பழைய பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தனேஷ் அதைப் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தான். லோகேஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று காலையிலேயே மனதைக் கட்டி வைத்திருந்தாள்.

ராதாகிருஷ்ணன் முதலில் அக்காவைத்தான் கேட்டார்.

"நம்ம அம்மா படுக்கையில கெடந்தப்ப நீ எத்தன தடவ வந்து பாத்தக்கா?"

எனக்கும் குடும்பம் இல்லையா என்று இராஜம்மா சிலிர்த்துக்கொண்டாள்.

"இவளுக்கும் காப்பார்ல டீச்சர் வேல இருந்துச்சு. நான்தான் விடச் சொன்னேன். விடுறியான்னு கேக்கல, விடுன்னு சொன்னேன். பதினோரு வருஷம் அம்மாவுக்கு அள்ளிக் கொட்டுனா, தொடச்சு விட்டா. அம்மா செத்தன்னிக்கு வந்தவங்க எல்லாருக்கும் கைய கூப்பி நன்றி சொன்னேன். பந்தல் போட்டவனுக்குக்கூடச் சொன்னேன். இவளுக்குச் சொல்லல." அவர் இப்போதுதான் மனைவியைப் பார்த்தார். "நீ போறதுன்னா போ லோகா. நான் தடுக்க மாட்டேன். நான் இதச் சொல்லாம நீ போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

ஒரு வாரமாக வசவுக்கு வராத அழுகை லோகேஸ்வரிக்கு இதற்கு வந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் சொல்லி வாங்கிய சொத்து மாதிரி அந்த வார்த்தைகள் அவளைச் சுட்டன. அதே சமயம் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

விஷ்ணுப்ரியா மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து நடு ஹாலில் நின்றாள்.

"மாமா, அத்தை அந்தப் புத்தகத்தக் கேக்கவே இல்ல. கேட்டது நான். ஆபீஸுக்காக இல்ல... எனக்காக. அத்தை என்னைக் காப்பாத்துறதுக்குத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க."

இராஜம்மா எழுந்தேவிட்டாள். எனக்கு அப்போதே தெரியும் என்று விரலை நீட்டினாள். அந்த விரலுக்கும் மருமகளுக்கும் நடுவில் லோகேஸ்வரி வந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, மீனு கெட்டுப் போவுது. போய்க் கழுவுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் நாத்தனாரிடம் ஒரு வேலை ஏவியது அதுதான் முதல் தடவை. இராஜம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி பத்திரிகையைப் பார்த்தார். அவள் போய்க் கழுவினாள்.

ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று தனேஷ் கேட்டான், குரல் உடைந்து. விஷ்ணுப்ரியா கத்தவில்லை.

"சொன்னேன். டிவி சத்தத்துல ஒங்களுக்குக் கேக்கல."

தனேஷ் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தான். வீடு அப்படி அமைதியாகி வெகுநாளாகியிருந்தது. சமையலறையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ரிமோட்டைக் கையில் உருட்டியபடியே அவன் சொன்னான்.

"நான் ஒரு பேரு வச்சிருந்தேன் ப்ரியா. பொண்ணா இருந்தா வைக்கலாம்னு. நீ பேச ஆரம்பிச்சா அது வாயில வந்துடும்னு பயம்... அதான்."

என்ன பெயர் என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். அந்தப் பெயர் இங்கே எதற்கு, அது அவர்களுடையது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து மத்தியானம்வரை பேசினார்கள். நடுநடுவே அழுதார்கள். யாரும் குறுக்கே போகவில்லை. இராஜம்மாகூடப் போகாமல், மீன் குழம்பைத் தானே வைத்தாள்.

சாயங்காலம் விஷ்ணுப்ரியா பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் வந்தாள். மாமாவிடம் நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே, அவர் சொன்ன நன்றி இப்போது என்ன ஆவது என்று கவலைப்பட்டாள்.

"அவரே வந்து சொல்லிட்டாரு. யாரு கேட்டதா இருந்தா என்ன, நான் சொன்னது சொன்னதுதான்னுட்டாரு" என்றாள் லோகேஸ்வரி. பிறகு ஒரு கைலியை மடித்து வைத்துவிட்டு, "நானும் அப்புறம் கேட்டேன். பழி நம்ம பேருல இருக்கறப்ப உள்ள என்னதான் இருக்குன்னு தெரிய வேணாமா?" என்றாள்.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"நல்லாத்தான் சொல்றா. பொறுமையா, படிப்படியா..." லோகேஸ்வரி அடுத்த துணியை எடுத்தாள். மடிக்கவில்லை. "அந்தக் காலத்துல எனக்கு யாராச்சும் இதச் சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்மா."

விஷ்ணுப்ரியா அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். மகன் கல்யாணமாகி நாலு வருஷத்தில் இருவரும் தொட்டுக்கொண்டது விபூதி பூசும்போது மட்டும்தான். லோகேஸ்வரி முதலில் விறைத்து நின்றாள். பிறகு மருமகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, பழைய அழுகை ஒன்றையும் சேர்த்து அழுதாள்.

திங்கட்கிழமை தனேஷ் ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் திறந்துவிடலாம் என்று போனை நீட்டினான். இனி இந்த மாதிரிக் குழப்பம் வராது என்றான். லோகேஸ்வரி போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"வேணாம்பா. என் பேருலயே இருக்கட்டும். நம்ம வீட்டுல ஒருத்தர் மனசுல இருக்குறத இன்னொருத்தருக்குச் சொன்னது அது ஒண்ணுதான்."

ராதாகிருஷ்ணன் மூடி வைத்த தட்டைத் திறந்து, தோசைக்கு என்ன சட்னி என்று கேட்டார். பத்திரிகையை அவர் அன்று எடுக்கவில்லை. லோகேஸ்வரி சட்னிக் கிண்ணத்தோடு வந்து, முதல் தடவையாக, அவர் பக்கத்து நாற்காலியில் தானும் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.