'முதல்' என்று எழுதிய பெட்டி

"முதல்னு எழுதின பெட்டி எங்க?"

"முதல்லயே ஏத்திட்டேங்க."

"ஏத்தவா எழுதினேன்? முதல்ல எறக்கணும்னு எழுதினேன். அப்ப கடைசியிலதான ஏத்தணும்?"

மகேஸ்வரி லாரிக்குள் எட்டிப் பார்த்தாள். வாசல்வரை மேசைகள், இரும்பு பீரோக்கள்... எல்லாவற்றுக்கும் பின்னால், கேபினை ஒட்டி அந்தப் பெட்டி. அதற்குள்தான் குத்துவிளக்கும் சாமி படமும். இன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முதலாளி விளக்கேற்றியாக வேண்டும்.

இறால் தீவனக் கம்பெனியின் கடலூர் ஆபீஸைச் சிதம்பரத்துக்கு மாற்றும் பொறுப்பு அவளுடையது. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சுப்புராயன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் அது நிஜம்.

"பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்னு போர்டு போட்டா ஆச்சா? கொஞ்சம் யோசிக்க வேணாம்?"

"எழுதறவங்களும் யோசிச்சிருக்கலாங்க."

என்ன திமிர்... நேற்று அவள் பெட்டிகளில் எழுதிவைத்துவிட்டுச் சிதம்பரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சூப்பர்வைசருக்குக் காய்ச்சலாம். மாற்றாக வந்து வாய்த்தது இவன். பெயர் சடையப்பன். நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, பெரிய பெரிய கண்கள்... சண்டைக்காரனுக்கு எதற்கு இத்தனை அழகான கண்கள்? அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது அவளுக்கு.

மழை வலுத்தது. எல்லாவற்றையும் இறக்க நேரமும் இல்லை, இறக்கினால் நனைந்துவிடும். சடையப்பன் பீரோக்களுக்கு மேலே, தார்ப்பாய்க்குக் கீழே இருந்த இடுக்கில் நுழைந்தான்.

"பீரோ ஆடுது... பாத்துங்க."

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. அப்புறம் மழைச்சத்தம் மட்டும்...

"ஏங்க... சடையப்பன்..."

விளக்கு, முதலாளி, வேலை எல்லாம் அவளுக்கு மறந்துபோனது. இவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அது ஒன்றுதான் மனசில் நின்றது.

முதலில் பெட்டி வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்த கையில் ரத்தம். மகேஸ்வரி துப்பட்டா நுனியைக் கிழித்துக் கட்டினாள். அவன் அவளையே பார்த்தான். அவள் கட்டிய முடிச்சை மட்டுமே பார்த்தாள்.

ராகுகாலம் தொடங்க இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. விளக்கை ஏற்றிவிட்டு முதலாளி திரும்பினார்.

"இவ்ளோ நேரம் ஏன் விளக்கு வைக்கல? யாரு தப்பு?"

சுப்புராயன் சிரித்தபடி அவளைப் பார்த்தார்.

"என் தப்பு சார். மாத்தி ஏத்திட்டேன்" என்றான் சடையப்பன்.

பேசாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவளால் முடியவில்லை.

"இல்ல சார், நான்தான் புரியாத மாதிரி எழுதிட்டேன்."

முதலாளி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தப்புக்கு இங்க இவ்ளோ போட்டியா? சுப்புராயன், இந்தப் பொண்ணு வேலைய நிரந்தரம் பண்ணிடுங்க."

சுப்புராயனின் சிரிப்பு நின்றுபோனது.

வாசலில் சடையப்பன் காலிப் பெட்டியோடு நின்றான்.

"இத நான் எடுத்துக்கட்டுமா?"

"காலிப் பெட்டி எதுக்கு?"

"உங்க எழுத்து இருக்குது. நேத்து ஏத்தும்போதே யாரு எழுத்துன்னு பாக்கணும்போல இருந்துச்சு. இன்னிக்குப் பாத்துட்டேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க."

அவள் முகம் சூடானது. "அப்புறம் ஏன் காலையில அப்படிச் சண்ட போட்டீங்க? முதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

"முதல்ல வரவேண்டியதக் கடைசியிலதான ஏத்தணும்? நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை தாண்டியிருந்தது.

"இப்ப ராகுகாலம். பன்னண்டு மணிவரைக்கும் நான் எதுவும் சொல்லமாட்டேன்."

மேசைகளும் பீரோக்களும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவன் போகும்போதும் வரும்போதும் சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். மணி இப்படியா நகரும்?

பன்னிரண்டு அடித்தது. லாரி காலி. மழை விட்டிருந்தது. லாரியின் பின்கதவுப் பலகையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். மகேஸ்வரி படியிறங்கிப் போய் எதிரே நின்றாள்.

"எனக்குந்தான்" என்றாள்.