விரால் மட்டும் பிழைத்த குளம்

அது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. திருவூடல் தெருவில் கஸ்தூரி நடத்திவந்த தட்டெழுத்துப் பள்ளிக்குள் அப்பாதுரை நுழைந்து, ஈரச் சாக்கில் சுற்றிய எதையோ மேசைமேல் தொப்பென்று போட்டார். சாக்கு விலகியது. முழங்கை நீளக் கட்லா மீன் ஒன்று வாயை அகலப் பிளந்தபடி கிடந்தது. லோயர் பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

"கொலைங்கம்மா" என்றார் அப்பாதுரை. "எங்குளத்துல இருந்த அத்தனை மீனையும் விஷம் வெச்சுக் கொன்னுட்டாங்க. செஞ்சது என் கூடப்பொறந்த தம்பி."

பள்ளியின் சுருக்கெழுத்து வாத்தியார் இருசப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காணாமல் போன சங்கிலி, கைமாறிய பத்திரம் என்று ஊரார் கஸ்தூரியிடம் கொண்டுவரும் வழக்குகளில் கூடவே ஓடுவதுதான் அவன் வாழ்க்கையின் ருசி. சுருக்கெழுத்து வெறும் வயிற்றுப்பாட்டுக்கு. ஆனால் பொங்கலுக்குப் பிறகு இந்த ஊரில் உருப்படியாக ஒரு குற்றம்கூட நடக்கவில்லை, பாவம்.

கஸ்தூரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீனைக் குனிந்து பார்த்தார். "யாருன்னு தெரிஞ்சுபோச்சே. அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"என் சம்சாரம் சந்திரகலா அழுவறா. போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களை ஒருவாட்டி பாத்துட்டுப் போகச் சொல்லிட்டா. தம்பி முருகையனுக்கு பஸ் கண்டக்டர் வேலை ஆர்டர் வந்திருக்குது. நாளைக்கு வேலூர்ல போய்ச் சேரணும். ஸ்டேஷன்ல அவன் பேரு ஏறிடுச்சுன்னா அந்த வேலை போயிடும். போகட்டும்ங்க. சாயங்காலம் கம்ப்ளைண்ட் கொடுக்கத்தான் போறேன்."

கஸ்தூரி எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் பொறுங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து இருசப்பன் கேட்டதே இல்லை.

வேங்கிக்காலில் அப்பாதுரை புதிதாகக் கட்டிய வீடு. கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலையில் ஃபோர்மேனாக இருக்கிற மனிதர் கொல்லையில் காய்கறி போடாமல் குளம் வெட்டி, சிமெண்ட் பூசி, இரண்டு படிக்கட்டும் வைத்திருந்தார். குளம் நிறைந்த அன்றைக்குக் கோயில் தீர்த்தம் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றி, கற்பூரம் காட்டிய பிறகுதான் மீன் விட்டாராம். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. சுவரை ஒட்டி இரு வீட்டுக்கும் ஒரே கிணறு.

"தண்ணிய எப்படிப் பாதுகாத்தீங்க?" என்று கஸ்தூரி கேட்டதுதான் தாமதம், மனிதருக்கு மீன் செத்த துக்கம் பாதி மறந்துபோயிற்று.

"பாசின்றது வெயிலையும் எச்சிலையும் தின்னு வளர்றதுங்க. அதனால ரெண்டையும் கம்மி பண்ணணும். பாதிக் குளத்துக்கு அல்லி விட்டேன், மேற்கால கீத்துக் கொட்டகை போட்டேன். தீனி போட்டா ஒரு பருக்கை தண்ணியில தங்கக் கூடாது. சுவத்துல படியறதை நத்தை மேஞ்சுடும். பழைய தண்ணிய அப்பப்ப வாழைக்கு இறைச்சுட்டுப் புதுசு விடுவேன். தினம் காலையில இந்த வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயித்துல கட்டி எறக்கிப் பாப்பேன். அடிமட்டத்துல தட்டோட நீலக் கரை தெரிஞ்சா தண்ணி சுத்தம்."

"உங்க தம்பி என்ன சொன்னாரு?"

அப்பாதுரை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பொங்கல் சமயத்துல கொஞ்சம் பச்சை கட்டிச்சு. அண்ணே, எதுக்கு இவ்வளவு பாடு, நெலத்துக்கு வாங்கின மயில்துத்தம் எங்கிட்ட இருக்கு, ஒரு பிடி கரைச்சு ஊத்தினா பாசி மாயமாப் போயிடும்னான். பாசியோட சேந்து மீனும் போயிடும்டான்னு திட்டி அனுப்பினேன். அதிலேர்ந்து பேச்சு கெடையாது. நேத்து பொழுதோட பக்கெட்டும் கையுமா இங்கேதான் நின்னான். இன்னும் ஒண்ணு பாருங்க!"

அவர் காட்டிய மூலையில், கம்பி வலை அடைப்புக்குள் ஒரு விரால் மீன் நிம்மதியாக வளைய வந்துகொண்டிருந்தது. மற்ற மீன்களைத் தின்றுவிடும் என்பதால் அதற்கு மட்டும் தனி அடைப்பு. அது மெல்ல மேலே வந்து, மூக்கை நீட்டிவிட்டு, திரும்ப இறங்கியது.

"அவன் கொடுத்த விரால். அது மட்டும் சாகலை. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

இருசப்பனுக்கு வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் ஆராய்ச்சி செய்வதுபோல் படிக்கட்டில் இறங்கி நின்றான். நின்ற வேகத்தில் ஐயோ என்று காலை உதறிக்கொண்டு மேலே தாவினான். படி முழுக்கச் சிற்றெறும்பு சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் நகர்ந்தவனை வயிற்றில் ஏதோ ஒன்று தடுத்தது. துணி காயப்போடும் கொடி.

"இவ்வளவு தாழ யாருங்க கொடி கட்டினது? ஆளையே மடக்குது!"

"எம்பொண்டாட்டிதான். சித்திரையில அவிழ்த்துக் கீழே கட்டிக்கிட்டா. என்ன காரணமோ" என்றார் அப்பாதுரை, அதில் அக்கறையே இல்லாமல்.

"எறும்பு செத்த மீனுக்கு வந்திருக்குங்கக்கா" என்று இருசப்பன் தன் கண்டுபிடிப்பைச் சொன்னான்.

"மீனெல்லாம் அந்த வாழை மரத்தடியில குவிச்சிருக்கே. அங்கே எறும்பைக் காணோமே" என்றார் கஸ்தூரி. பிறகு பீங்கான் தட்டை வாங்கித் தண்ணீருக்குள் இறக்கினார். ஒரு சாண் போவதற்குள் தட்டு மறைந்துவிட்டது. தண்ணீர் பச்சையாக இல்லை. அரிசி களைந்த நீர்போல் வெளுத்து, லேசாகப் புளித்த வாடை அடித்தது. குளத்துச் சுவரில் நத்தைகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன.

சந்திரகலா காபி கொண்டுவந்தாள். அழுது வீங்கிய முகம். இடக்கையில் பிடித்திருந்த தட்டைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"எனக்கு வெல்லக் காபிதான் ஒத்துக்கும்மா. கொஞ்சம் வெல்லம் போட்டுத் தர்றியா?"

"வெல்லம் தீந்துபோச்சுங்க" என்றாள் அவள் தரையைப் பார்த்து.

"போன வாரம்தானே மண்டை வெல்லம் ஒரு பை வாங்கியாந்தேன்?" என்றார் அப்பாதுரை. அவள் உள்ளே போய்விட்டாள். கஸ்தூரி சர்க்கரைக் காபியையே குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

அடுத்த வீட்டில் முருகையன் புதுக் காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயசுப் பையன், இரவெல்லாம் தூங்காத கண்.

"கெணத்துல தண்ணி சேந்தத்தாங்க பக்கெட்டோட போனேன். மயில்துத்தம் எங்கிட்ட இருக்கு, இல்லேன்னு சொல்லலை. கடலைக்கு அடிக்க வெச்சது. நான் கொடுத்த விராலு உசுரோட இருக்கறது என் குத்தமாங்க?" என்றான். காக்கிச் சட்டையை மடித்து ஒதுக்கி வைத்தான். "வேலை போனாக்கூடப் பரவால்ல. எங்கண்ணன் என்னைப் பாத்துக் கொலைகாரன்னுட்டாரு."

முருகையன் வீட்டுப் பரணிலிருந்து இருசப்பன் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். மயில் கழுத்து நிறத்தில் பொடி மின்னியது. வெளியே வந்ததும் அவன் வெற்றிப் பெருமிதத்தோடு, "பொட்டலம் பிரிச்சிருக்குங்கக்கா! சந்தேகமே இல்லை" என்றான்.

"இருசப்பா, நீ ஒவ்வொரு தடவையும் சந்தேகமே இல்லைன்னு சொல்றப்பதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகுது" என்றார் கஸ்தூரி.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரையும் குளத்தங்கரைக்கு வரச் சொன்னார். அப்பாதுரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளை வாசலில் தயாராக நிறுத்தியிருந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

"அப்பாதுரை, உங்க ஊர்ப்பக்கம் நெல் வயல்ல நத்தை விழுந்தா என்ன போடறாங்க?" என்று கஸ்தூரி ஆரம்பித்தார்.

"மயில்துத்தம்தான்" என்றவர், தன் வாயாலேயே சொன்னதைக் கேட்டுக் குளத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நத்தை ஒண்ணுகூட சாகலை. மயில்துத்தம் விழுந்திருந்தா அதுங்கதான் முதல்ல உதிர்ந்திருக்கும். அல்லித் தண்டுல ஒட்டின பாசியும் அப்படியே பச்சையா இருக்கு. சரி, விரால் எப்படிப் பொழச்சது? சந்தைக்குப் போறீங்களே, மத்த மீனெல்லாம் செத்துக் கெடக்கறப்ப விரால் மட்டும் சட்டியில ஒரு கை தண்ணியில துள்ளிக்கிட்டு இருக்கும், பாத்திருக்கீங்க இல்ல? அது மேல வந்து நம்மளமாதிரி காத்தை இழுக்கற ஜாதி. தண்ணியில காத்து இல்லாட்டியும் அதுக்குக் கவலையில்லை. விஷமா இருந்தா அதுவும் செத்திருக்கணும். அந்தக் கட்லா வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்ததே, மூச்சு முட்டிச் செத்ததுங்க. எந்த விராலைச் சாட்சின்னு காட்டினீங்களோ, அதுதான் உங்க தம்பிக்குச் சாட்சி சொல்லுது."

இருசப்பன் வாயும் ஏறக்குறைய கட்லாவின் வாய்போலத்தான் இருந்தது. "அப்ப தண்ணியில இருந்த காத்து எங்கே போச்சுங்கக்கா?"

"இட்லி மாவு ஒரே ராத்திரியில புளிச்சுப் பொங்குது இல்ல? கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடிக்கணக்குல பெருகுது. அதேதான் இங்கேயும். பெருகினதெல்லாம் மூச்சு விடணுமே, தண்ணியில இருந்த காத்தை அதுங்களே குடிச்சுட்டுது. அதான் கழனித்தண்ணி மாதிரி வெளுத்து, புளிச்ச வாடை. ராத்திரியில பாசியும் அல்லியும்கூடக் காத்தைக் குடிக்கும், அதனாலதான் விடியறதுக்குள்ள கதை முடிஞ்சிடுச்சு. ஆனா அதுங்க பெருக ஒரு தீனி வேணும். எறும்பு மீனை விட்டுட்டுப் படிக்கட்டைத் தேடி வந்திச்சே, எந்தத் தீனிக்கு? படியில ஒழுகினது வெல்லம். யாரோ ஒரு பை வெல்லத்தை இந்தக் குளத்துல கரைச்சிருக்காங்க."

கஸ்தூரி குடையை ஊன்றிக்கொண்டு தொடர்ந்தார்.

"யாருன்னு எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்துல செய்யலைன்னும் தெரியும். பேரைச் சொல்றது என் வேலையில்லை. உங்க தம்பி செய்யலை. அது போதுமில்லையா?"

"போதாதுங்க!" அப்பாதுரை கத்தினார். "விஷமில்லாட்டி வெல்லம். இவன்தான் போட்டிருப்பான். பேரு தெரியாம நான் விடமாட்டேன்." விறுவிறுவென்று சைக்கிளை நோக்கி நடந்தார். முருகையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"நான்தாங்க போட்டேன்."

சந்திரகலாவின் குரல் அவ்வளவு சன்னமாக இருந்தது. ஆனாலும் அப்பாதுரை நின்றுவிட்டார்.

"கட்டி கரையணும்னு வேண்டிக்கிட்டு வெல்லம் கரைச்சேன். மீன் செத்துப்போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தம்பி மேல பழி வந்தப்பகூட, வெல்லத்தாலதான்னு எனக்குத் தோணவே இல்லைங்க."

"கட்டியா? என்ன கட்டி?"

அவள் வலக்கையைத் தூக்க முயன்றாள். தோள் உயரத்துக்கு மேல் அது எழும்பவில்லை. முகம் வலியில் சுருங்கியது. இருசப்பனுக்குத் தாழக் கட்டிய கொடி அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. வயிற்றில் இடித்த கயிற்றைத் திட்டினானே தவிர, அதைக் கீழே இறக்கியவள் ஏன் இறக்கினாள் என்று யோசிக்கவில்லை.

"கோயில் கொளத்துல கரைக்கறதுதான் வழக்கம். போனா பூக்காரியிலேர்ந்து எல்லாரும், எங்கேம்மா கட்டின்னு கேப்பாங்க. எடத்தைச் சொல்ல முடியுமா? உங்ககிட்டயே சொல்ல வாய் வரலை" என்று கணவரைப் பார்த்து அழுதாள். "நம்ம கொளத்துலயும்தான் தீர்த்தம் கலந்திருக்கேன்னு..."

"எத்தனை நாளா?"

"தை மாசத்துலேர்ந்து."

அப்பாதுரை படியில் உட்கார்ந்துவிட்டார். எறும்பு கடித்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. மீனுக்கு மூச்சு முட்டுமா, தண்ணீர் கலங்குமா என்று விடிந்தால் எழுந்து பார்த்த மனிதர், அடுத்த பாயில் ஒருத்தி வலியோடு புரண்டதைப் பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அழறதுக்கெல்லாம் நேரமில்லை" என்றார் கஸ்தூரி. முதல் தடவையாக அவர் குரலில் ஓர் அதட்டல் இருந்தது. "கரையற கட்டியா, எடுக்கற கட்டியான்னு டாக்டர் சொல்லட்டும். எங்க ஓர்ப்படிக்கு எடுத்தாங்க, இன்னைக்கும் மலை சுத்தறா. காலையில முதல் பஸ்ல வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. சந்திரகலா, நீ உன்னைக் காப்பாத்திக்க வாயைத் தொறக்கலை, உன் கொழுந்தனைக் காப்பாத்தத் தொறந்தே. இனிமே உனக்காகவும் தொற."

வாசகர் மனம் பதற வேண்டாம் என்பதற்காக இங்கேயே சொல்லிவிடலாம். கட்டியை எடுத்தார்கள். நல்ல வேளையாக வந்தீர்கள் என்றார் டாக்டர். ஆடி பிறப்பதற்குள் சந்திரகலா வீடு திரும்பிவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு இருசப்பன் வழியனுப்பப் போயிருந்தான். வேலூர் பஸ்ஸில் சந்திரகலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அப்பாதுரை. முருகையன் காக்கிச் சட்டை வைத்த பையோடு கடைசி சீட்டில் தனியாக இருந்தான். முந்தைய நாளிலிருந்து அண்ணன் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகாத குடும்பம் அது.

கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். முருகையன் சில்லறையை எடுத்து நீட்டினான். அதற்குள் முன் சீட்டில் அப்பாதுரை எழுந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"அந்தப் பையங்கிட்ட வாங்காதீங்க. வேலூர் மூணு. எல்லாம் ஒரே குடும்பம்."