திரும்பிப் படுத்த உளி

பட்டறையில் கடைசல் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் போதும், ஹேமலதா கனவில் விழுந்துவிடுவாள். சுற்றுகிற கட்டை அவள் கண்ணுக்குக் கட்டையாகவே தெரியாது. ஒரு சமயம் புகை மாதிரி இருக்கும். ஒரு சமயம் ஏரியில் மிதக்கிற நிலா மாதிரி இருக்கும்.

"ஹேமா, மறுபடியும் நிலாவுக்குப் போயிட்டியா? தள்ளி உக்காரு. கண்ணுல தூசி விழும்" என்றார் அப்பா அரியமுத்து.

குரும்பலூரில் கட்டில் கால், நாற்காலிக் கால் கடைவது அவருடைய தொழில். இன்று மட்டும் வேறு வேலை. சத்யா சித்தி புதுப் பாப்பாவோடு சாயங்காலம் வருகிறாள். சேலைத் தொட்டிலை விரித்துப் பிடிக்க, குறுக்கே வைக்கும் கட்டை வேண்டும். "மாமா கடைஞ்ச கட்டைதான் எம் புள்ளைக்கு" என்று போனிலேயே சொல்லிவிட்டாள்.

மரமோ வைரம் பாய்ந்த புளி. அப்பாவின் உளி சீக்கிரமே மழுங்கியது. தீட்டினார். மறுபடியும் மழுங்கியது. கட்டை முழுக்கச் சிலும்பு.

"இது பாப்பாவைக் குத்துமேப்பா!"

"அதுக்குத்தான் இதை வச்சிருக்கேன்." அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிச் சதுரத்தை எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவு. நடுவில் ஓட்டை. "கார்பைடு முனை, எஃகைவிடக் கெட்டி. அரியலூர் லேத்துப் பட்டறையில வாங்கினேன். இரும்பையே சீவும். புளியெல்லாம் எம்மாத்திரம்?"

இரும்புக் கம்பியின் நுனியை அரத்தால் தட்டையாக ராவினார். துளை போட்டு மரை எடுத்தார். சதுரத்தை அதில் வைத்துத் திருகாணியை முறுக்கினார். மறுமுனையில் மரக் கைப்பிடி மாட்டினார். ஹேமலதாவுக்கு அது மாயக்கோல் போலத் தெரிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எந்த உளி செய்தாலும் கடைசியில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால்தான் அப்பாவுக்கு மனசு ஆறும்.

டக்!

சதுரத்தின் மூலை உடைந்து விழுந்தது.

"அடச்சே! இரும்பைச் சீவறது கண்ணாடி மாதிரி உடைஞ்சிடுச்சே! லேத்துப் பட்டறையும் இன்னிக்கு லீவு." அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "கட்டையில்லாமத்தான் தொட்டில் கட்டணும்."

கட்டை இல்லாவிட்டால் சேலை மூடிக்கொள்ளும். பாப்பாவுக்குப் புழுங்கும். ஹேமலதா அந்த உளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பாப்பா ஒரு பக்கம் தூங்கலைன்னா சித்தி என்ன பண்ணுவாங்க?"

"திருப்பிப் படுக்க வைப்பா. அதுக்கென்ன இப்ப?"

"இதையும் திருப்பிப் படுக்க வைங்க. இன்னும் மூணு மூலை நல்லாத்தானே இருக்கு?"

அப்பா அவளைப் பார்த்தார். சதுரத்தைப் பார்த்தார். பிறகு திருகாணியைக் கழற்றினார்.

"இருங்கப்பா!" சதுரத்துக்கு அடியில் அரத்தூள் கிடந்தது. ஹேமலதா அதைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். "மெத்தையில மண் இருந்தா எப்படிப் படுக்கும்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மூலை முன்னால் வரும்படி சதுரத்தைத் திருப்பி வைத்து முறுக்கினார். அவர் கை தானாகப் பக்கத்தில் துழாவியது.

"சுத்தியல் எங்கடி?"

ஹேமலதா அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். "அது தூங்குதுப்பா. எழுப்பாதீங்க."

மெஷின் சுற்றியது. அப்பா உளியை மட்டமாகப் பிடித்து, கட்டைமேல் மெல்லப் படவிட்டார். கரகரப்பே இல்லை. மெல்லிய சீவல் பஞ்சு மாதிரி பறந்தது. வெயிலில் அது பொன் மேகமாக மிதந்தது. மேகத்துக்கு நடுவே கட்டை கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு திரண்டு வந்தது.

சாயங்காலம் சித்தி கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "வழுவழுன்னு இருக்கு மாமா!"

"உங்க அக்கா மகளைக் கேளு. அவ வேலைதான் பாதி" என்றார் அப்பா.

தொட்டில் அகலமாக விரிந்து நின்றது. ஹேமலதா கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். சேலைப் பூக்கள் போயின, வந்தன. பாப்பா கொட்டாவி விட்டது. ஹேமலதாவும் விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா எட்டிப் பார்த்தாள். பாப்பா கண்ணை அகலமாகத் திறந்து, தலைக்கு மேலிருந்த கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தபடியே ஹேமலதாதான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.