ஆயுத பூஜைக் குளியல்

ஒரகடத்தில் வாசலுக்கு வாசல் வளிக்கண் மாட்டியிருந்தார்கள். உள்ளங்கையளவுத் தகடு. நிறமும் மணமும் இல்லாத தொழிற்சாலை வாயுக்கள் காற்றில் கலந்தால் சிவந்துவிடும். எங்கிருந்து வருகின்றன என்று அம்புக்குறி காட்டும். அதைப் பார்த்தே ஊர் திரண்டு போய் இரண்டு ஆலைகளை மூட வைத்திருந்தது.

வளிக்கண்ணுக்கான மின்னணுச் சில்லுகள், செலின் உற்பத்திப் பொறுப்பாளராக இருந்த ஆலையில்தான் தயாராயின. சில்லு செய்யும் கலன்களுக்குள் படியும் கசடை நைட்ரஜன் டிரைஃபுளோரைடு செலுத்திக் கழுவுவார்கள். ஆலைப் பேச்சில் அது ‘குளியல்’. மிஞ்சும் வாயு எரிகலத்தில் அழிந்துவிட வேண்டும். தப்பினால் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வானில் நிற்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு கலனுக்குத்தான் குளியல்.

ஆயுத பூஜையன்று மட்டும் ஆட்கள் கேட்கமாட்டார்கள். பொட்டு வைக்குமுன் எல்லா இயந்திரமும் குளித்திருக்க வேண்டும்.

“எரிகலம் தாங்காது, துரைக்கண்ணு” என்றாள் செலின்.

“பைபாஸைத் திறந்துட்டா போச்சு மேடம். வருசத்துல ஒரு நாள். குளிக்காத மெஷினுக்கா கற்பூரம் காட்டுறது?” மூத்த ஆபரேட்டரான துரைக்கண்ணு சிரித்தார். “நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. வேணாம்னா சொல்லுங்க, விட்டுடுறோம்.”

கடைசி வார்த்தை குத்தியது. மறுத்தால் பண்டிகையைக் கெடுத்தவள் என்பார்கள். திறக்கச் சொன்னாள். மிஞ்சிய வாயு எரிகலத்துக்குள் போகாமல் நேரே வெளிக்காற்றில் கலந்தது.

பொரியும் சுண்டலும் கொடுத்து முடிப்பதற்குள் ஆலை வாயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லார் கையிலும் சிவந்த வளிக்கண். செலின் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வெளியே போனாள். துரைக்கண்ணுவும் கூடவே வந்தார்.

எதிர்த்த டீக்கடை சையது முன்னால் வந்தார். “என்னம்மா, ஊர்ல ஒண்ணு விடாம எல்லாம் ரிப்பேராயிடுச்சு! கூத்தைப் பாருங்க, உங்க ஆலையையே காட்டுது!”

கூட்டம் சிரித்தது.

“பாய், அது வந்து...”

“அட, நீங்க ஏம்மா கூசுறீங்க? பொருள்னா கெட்டுப் போகத்தான் செய்யும். காத்தைக் காப்பாத்தத்தானே இதைச் செய்யுறீங்க. உங்களைச் சந்தேகப்பட்டா எங்க வாய் அழுகிடாது? மாத்திக் குடுங்க, போதும்.”

துரைக்கண்ணு அவள் காதருகே குனிந்தார். “ஊர் முழுக்க மாத்தணும்னா ராப்பகலா ஓட்டணும் மேடம். ஒண்ணொண்ணா குளிப்பாட்டிக்கிட்டு இருக்க முடியாது.”

செலின் கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு முகத்தில்கூடக் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“மாத்தித் தர்றோம்” என்றாள்.

சையது தன்னுடைய வளிக்கண்ணை நீட்டினார். அம்பு அவள் நெஞ்சுக்கு நேரே நின்றது. இரண்டு கையாலும் வாங்கி, துரைக்கண்ணு கொண்டுவந்து வைத்த, ‘பழுது’ என்று எழுதிய பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்தவருக்குக் கை நீட்டினாள்.