பச்சைப் படகு வேண்டாம்!

"ஐயோ... நான்தான் கொன்னேன்! எங்க அக்காவை நான்தான் கொன்னுட்டேன்!"

ஏரிக்கரையில் கேட்ட அந்த அலறலில் இன்ஸ்பெக்டரம்மா நின்றுவிட்டார்.

ஸ்ட்ரெச்சரில் அக்கா. வயது நாற்பத்தி நாலு. காலில் ஒரே ஒரு செருப்பு. இன்னொன்று ஏரிக்குள்.

அலறியவன் தம்பி. பிளம்பர். மண்ணில் முட்டிபோட்டு, தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"எப்படிக் கொன்னே?"

"மூடி மேடம்... படகுக்குப் பின்பக்கம், அடியில ஒரு ஓட்டை இருக்கும். கரையில நிக்கறப்ப மழைத்தண்ணி வடியறதுக்கு. ஏரியில இறக்கறதுக்கு முன்னாடி திருகுமூடி போட்டு அடைச்சிடணும். அது என் பொறுப்பு. நேத்து சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போய் போட்டுட்டேன்னுதான் நெனைச்சேன்..."

இழுத்துப் போட்டிருந்த வெள்ளைப் படகைக் காட்டினான். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மூடி இல்லை!

"போட்டியா, போடலையா?"

"தெரியலையே மேடம்! வீட்டைப் பூட்டிட்டு வந்தப்புறம் பூட்டினோமான்னு சந்தேகம் வருமே... அப்படி இருக்கு."

பக்கத்தில் கணவர். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். போர்வைக்குள் நடுங்கினார்.

"நடு ஏரியில இன்ஜினை நிறுத்தினேன் மேடம். காலெல்லாம் தண்ணி! பத்தே நிமிஷம்... முங்கிடுச்சு. அவளுக்கு நீச்சல் தெரியாது. பிடிச்சு இழுத்தேன்... கை நழுவிடுச்சு..." விசும்பினார். "மூடின்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. மொத படகு! எல்லாத்தையும் மச்சான்தான் பார்த்தான். பாவம், சின்னப் பையன்... அவன் மேல கேஸ் கீஸ் போட்டுடாதீங்க."

அந்தக் கருணையில் தம்பி இன்னும் நொறுங்கிப்போனான்.

"லைஃப் ஜாக்கெட்?"

"அடுத்த மாசம் வாங்கலாம்னு..."

கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார். "ஸ்டோர்காரரை ஊருக்கே தெரியும் மேடம். எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டாரு!"

கணவரை வீட்டில் இறக்கிவிட்டு, தம்பியோடும் கான்ஸ்டபிளோடும் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது ஜீப். இன்ஸ்பெக்டரே ஓட்டினார்.

தம்பி இரண்டு கைகளையும் நீட்டினான். "விலங்கு போடுங்க மேடம். என் அஜாக்கிரதைதான்."

"இருப்பா. இந்தப் படகை எப்படி வாங்கினீங்க?"

"ரெண்டு வருஷமா அக்கா கெஞ்சினா. பழசா, சின்னதா ஒரு படகு. மாமா அசையல. போன மாசம் அக்கா வெறுத்துப்போய், 'வீடு என் பேர்ல இருக்கு... வித்துட்டு தம்பிகூடப் போறேன்'னா. மறுநாளே 'வா, படகு பார்க்கலாம்'னாரு. சந்தோஷத்துல அக்கா ராத்திரி பூரா தூங்கல மேடம்..."



"எத்தனை பார்த்தீங்க?"

"மூணு. மொதல்ல ஒரு நீலம். இன்ஜின் மாட்டற பலகையை ஸ்க்ரூடிரைவரால குத்தினேன், கேக்குல கத்தி இறங்கற மாதிரி இறங்குச்சு. உளுத்துப்போச்சு! வேண்டாம்னேன். அடுத்தது பச்சை. பெயிண்ட் உரிஞ்சு பார்க்க சகிக்காது. ஆனா உடம்பு கல்லு! தட்டின இடமெல்லாம் ஒரே சத்தம். மூணாவது இழுப்புல இன்ஜின் ஸ்டார்ட். தரைக்கு அடியில முழுக்க தெர்மோகோல் மாதிரி நுரை அடைச்சிருக்கு. தண்ணி ரொம்பினாலும் முங்காது. எட்டாயிரம்தான். மொத தடவை வாங்கறவங்களுக்கு அதைவிடத் தோதா ஒண்ணு கிடைக்காது மேடம். கடைசியில இந்த வெள்ளை. மேல பளபளப்பு, அடியில ஒண்ணுமில்ல. பதினோராயிரம்."

"உங்க மாமா எதை எடுத்தாரு?"

"வெள்ளை."

கிறீச்!

இன்ஸ்பெக்டர் மிதித்த மிதியில் ஜீப் நடுரோட்டில் நின்றது.

"விலை ஜாஸ்தியானதையா? பேரம்?"

"பேசவே இல்ல! பச்சைப் படகு வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நுரையைப் பத்தி நான் ரெண்டு தடவை சொன்னேன் மேடம்..."

"நீ ரெண்டு தடவை சொன்னேல்ல? எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன், மூவாயிரம் கூடக் கொடுத்து, முங்கற படகைத் தேடி வாங்கியிருக்காரு!"

ஜீப் திரும்பியது.

கணவர் உலர்ந்த சட்டையோடு கதவைத் திறந்தார். ஃபேனைப் போட்டார். ஒன்றாம் நம்பரில் வைத்தார்.

கூடத்துச் சுவரில் ஓர் அலமாரி. அதில் வரிசையாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒன்றில் வளைந்து நிமிர்த்திய ஆணிகள். ஒன்றில் சணல் துண்டுகள். ஒன்றில் ஸ்க்ரூக்கள்.

"எதையும் தூக்கிப் போட மாட்டீங்களா சார்?"

"என்னிக்காவது உதவும் மேடம்..."

"உதவுதே!"

இன்ஸ்பெக்டர் ஸ்க்ரூ பாட்டிலை மேஜையில் கவிழ்த்தார். கலகலவென்று கொட்டியது. கடைசியில்...

டணங்!

பித்தளைத் திருகுமூடி. மரையைச் சுற்றி வெள்ளை டேப்!

"மேடம்! அது நான் சுத்தின டேப்!" தம்பி கத்தினான். "எந்தக் குழாயா இருந்தாலும் டேப் சுத்தாம மாட்ட மாட்டேன்!"

"நல்லாப் பாரு. டேப்புல மரை பதிஞ்சிருக்கு. ஓரமெல்லாம் நைஞ்சிருக்கு. சும்மா சுத்தி வெச்சா இப்படி ஆகாது. நீ மாட்டியிருக்கே. இறுக்கியும் இருக்கே. காலையில கழட்டினது வேற கை!"

தம்பி அந்த மூடியையே பார்த்தான்.

"அப்ப... நான் கொல்லலையா மேடம்?"

"இல்லப்பா. நீ கொல்லல."

அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். காலையிலிருந்து தன்னைத் திட்டித் திட்டியே அழுதவன், இப்போதுதான் அக்காவுக்காக அழுதான்.

கணவர்... வேண்டாம், இனி என்ன மரியாதை... கணவன் நாற்காலியில் சரிந்தான்.

"மூடின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்னீங்க. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா அழுதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இதை ஏரியில எறிஞ்சிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்களே?"



"பித்தளை மேடம்... தூக்கிப் போட மனசு வரல."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். வாசல் வரை வந்தவன் சட்டென்று நின்றான். விலங்கு மாட்டிய கைகளை நீட்டி, ஃபேனை அணைத்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினார்.

"இனிமே அந்தக் கவலை எதுக்கு சார்? கரண்டு, சாப்பாடு, துணி, தங்கற இடம்... ஆயுசு பூரா எல்லாமே இலவசம்!"