மேலுதட்டுக்கு ஆறு சிட்டிங்

"டாக்டர், மறைக்காமச் சொல்லிடறேன். எங்க அத்தை பையனைவிட எனக்குத்தான் மீசை நல்லா வளருது... அவன் பொறாமைப்படறான்."

கண்ணில் கறுப்பு மூடியோடு, தோல் சிகிச்சை மையத்தின் சாய்வுப் படுக்கையில் கிடந்த பாத்திரக்கடைக்காரர் மகள், கதவு திறந்த சத்தத்தை நம்பிக் குடும்ப ரகசியத்தை அவிழ்த்துவிட்டாள். பதில் வரவில்லை. அதற்காகப் பேச்சை நிறுத்துகிற பழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது.

"கன்னத்துல மங்கு வேற, கறுப்புத் திட்டா. ரெண்டும் போனாத்தான் மாப்பிள்ளை பார்ப்பேன்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க. மேலுதட்டுக்கு ஆறு சிட்டிங்காமே? ஆறு எதுக்கு டாக்டர்? மூணுல முடிச்சுக் குடுங்க. கன்னத்தையும் அதுலயே சேர்த்துக்கலாம்."

"ஏங்க..." ஆண் குரல்! "நான் டாக்டர் இல்லீங்க. லேசர் மெஷின் பார்க்க வந்த மெக்கானிக்."

மூடியைப் பிடுங்கி எறிந்தாள். எதிரே, கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஒருவன். அப்பாடா, என்ன கண்கள்... மழை அப்போதுதான் விட்ட தெருவைப்போல ஒரு பளபளப்பு! சிரிப்பு மட்டும் வெளியே வரலாமா கூடாதா என்று உதட்டோரம் தவித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நேரம் வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"ஸ்க்ரூ." உள்ளங்கையைக் காட்டினான். இரண்டு இருந்தன, ஈரமாக.

"வெளியில யார்கிட்டயாவது மூச்சு விட்டீங்க..."

"எதை? உங்க அத்தை பையன் பொறாமையையா?"

"மெஷின் பார்க்க வந்தா மெஷினை மட்டும் பாருங்க!"

"பார்த்துட்டேன். குளிர்க்காத்து வரல. அது வராம லேசர் அடிச்சா முடியோட தோலும் கருகிடும். இன்னைக்குப் படுக்காதீங்க."

கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனாள். ஆனாலும் கண்ணாடியில் கன்னம் தெரியும்போதெல்லாம், இதைக் கருகாமல் காப்பாற்றியவன் முகமும் கூடவே வந்து நின்றது. சனியன்... என்ன கண்ணோ!

சிகிச்சை தொடங்கியது. மாதம் ஒரு சிட்டிங். முதல் தடவை போனாள், அவன் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் கதவுக் கீல். அதற்கடுத்த மாதம் நாற்காலிக் கால். என்ன இடம் இது, மாசத்துக்கு ஒன்று கழண்டு விழுகிறதே என்று நினைத்தாள். போகப்போக, விழட்டுமே என்றும் நினைத்தாள்.

"மெஷின் எப்படி இருக்கு?"

"அது ஜம்முனு இருக்கு. நீங்க?"

"எரியுது."

"என்மேலயா, உதட்டுலயா?"

"ரெண்டும்தான்!"

பேசும்போது அவன் அவள் மேலுதட்டைப் பார்க்கவே மாட்டான். கண்ணைத்தான் பார்ப்பான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து யார் எதிரே வந்தாலும் வாயை மறைக்க எழும் அவள் கை, மூன்றாவது மாதம் மடியிலேயே கிடந்தது. அன்று இரவு அதை நினைத்துக் கொஞ்சம் அழுதாள்... சந்தோஷமாகத்தான். சொல்லிவிடலாமா? சேச்சே. முதலில் அவர் சொல்லட்டும்!

அவன் சொல்லவில்லை. ஐந்தாவது தடவை போனபோது டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சது. மங்கும் தெரியல, முடியும் இல்ல. ஆறாவது வேண்டாம், போய்ட்டு வா" என்றார்.

அவள் படுக்கையை விட்டு எழவில்லை. முகம் தெளிந்ததைப் பார்த்து, நாளைக் காலை பத்து மணிக்கே மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லியிருந்தாள் அம்மா.

"ஆறுன்னுதானே பேச்சு டாக்டர்? எட்டாவே போட்டுடுங்க... தாடையில?"

"தாடையில ஒன்னுமில்ல."

"புறங்கையில? கொஞ்சம் நல்லாப் பாருங்களேன்!"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூணாக் குறைன்னு சண்டை போட்டவ நீ. அங்க ஒருத்தர், வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்க்க வேண்டிய மெஷினுக்கு மாசாமாசம் வந்து நிக்கறார். நீ வர்ற தேதியை வரவேற்புல இருக்கற பொண்ணு சொல்லிடறா. பதிலுக்கு ஃபேன், கதவுன்னு வேலை வாங்கிக்கறா. ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசித் தொலைங்க, என் கண்ணு!"

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசல் தகரக்கூரைக்குக் கீழே அவன் ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வெயில் படக் கூடாதென்று முகத்தில் அப்பியிருந்த க்ரீம் சாரலில் கரைந்து வெள்ளை வெள்ளையாக வழிய, எதிரே போய் நின்றாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு என்னைப் பார்க்க மாப்பிள்ளை வர்றார்."

குழாய் நழுவி விழுந்தது. "நல்ல... நல்ல விஷயம்ங்க."

"நல்ல விஷயமா? அஞ்சு மாசமா ஏணி ஏறினது இதைச் சொல்லத்தானா?"

அவன் காது சிவந்தது. "டாக்டரம்மா சொல்லிட்டாங்களா... கண்ணை மூடிப் படுத்திருந்தவங்க பேச்சைக் கேட்டுட்ட ஆளுங்க நான். அப்புறம் நானே ஆசையைச் சொன்னா, ரகசியத்தைக் கையில வெச்சுக்கிட்டு மடக்கற மாதிரி ஆயிடாதா? நீங்களா வாயைத் திறந்தாத்தான்னு..."

இவ்வளவு நல்லவனாயிருந்து என்ன பிரயோஜனம், நாளைக்குப் பத்து மணி ஆகிவிடுமே!

"திறந்துட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!" க்ரீம் வாய்க்குள் போனது. துப்பினாள். "ரொம்ப... பிடிச்சிருக்கு."

அவன் குனிந்து குழாயை எடுத்தான்.

"இது நல்லாத்தாங்க இருந்துச்சு. காலையில நான்தான் கழட்டினேன். இன்னைக்கும் உங்களைப் பார்க்கணும்னு..." குழாயைக் கீழே வைத்தான். "எனக்கு வேற யாரும் வேண்டாங்க. அப்பா அம்மாவைக் கூட்டிட்டு நாளைக்குப் பதினோரு மணிக்கு வரட்டுமா?"

"பத்து மணிக்காரங்க அதுவரை வேடிக்கை பார்ப்பாங்களா? எட்டுக்கு வாங்க. எங்க வீட்டுல இன்னைக்கே நான் சொல்லிடறேன்."

"எட்டரை?"

"எட்டு."

"சரிங்க."

"இன்னும் என்ன 'ங்க'?"

மழையில் நனைந்த அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. வழிகிற வெள்ளைக் க்ரீம், சிவந்த மூக்கு, எல்லாவற்றையும்... அவன் தயங்கித் தயங்கி, ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"சரி... எட்டு மணிக்கு வர்றேன்."