நான்காவது முகம்

மூன்றாவது தடவையாக அந்தப் பழைய லேப்டாப் அதே கேள்வியைக் கேட்டது. திரையில் சாப்பாட்டு மேசைக்குப் பின்னாலிருக்கும் வெறும் சுவர். அதன் மேல், ஆள் உயரத்தில், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குக் கீழே: "இவர் யார்?"

"உங்க தாத்தா" என்று முணுமுணுத்தான் ஸ்க்ரூ. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி இருப்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது, வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பரணில் ஏழு வருஷம் தூங்கிய லேப்டாப்பை இறக்கி, உப்பிப்போன பேட்டரியைக் கழற்றிவிட்டு, தூசி தட்டி, வீட்டுக்கென்றே ஒரு சர்வராக்கி ஸ்டோர் ரூமில் வைத்திருந்தான். குடும்பப் படங்கள் இனி எவனோ ஒருத்தனின் கம்பெனியில் கிடக்க வேண்டாம். கூடத்துக் கேமரா, வாசல் பூட்டு, மகள் வந்து ஒயரைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இந்த அறைக்குப் போட்ட பூட்டு, எல்லாம் இதன் பொறுப்பு. குடும்பத்தில் மூன்றே பேர். அந்த மூன்று முகங்களுக்குத்தான் வாசல் கதவு திறக்கும்; இந்த அறை பெரியவர்கள் இருவருக்கு மட்டும்.

"நம்ம வீட்டு விஷயம் இனிமே வெளிய போகாது" என்று அவன் பீற்றிக்கொண்டபோது மனைவி சிரித்தாள். "அதுக்கு நீங்க வாய மூடிக்கிட்டிருந்தாலே போதுமேங்க."

அவளும் மகளும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாலு மணிக்குள் வந்துவிடுவார்கள். போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தான். பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது; வெளியே போகவும் முகம் காட்ட வேண்டும். ஜன்னல் இல்லாத அறை, சூடான தூசி வாசனை, லேப்டாப்புக்குள் இருமலை அடக்கிக்கொள்கிற மாதிரி விட்டுவிட்டுச் சுற்றும் விசிறி.

அந்தக் கட்டம் இருந்த படங்கள் நானூற்றுச் சொச்சம். ஒன்றில் ஃபிரிட்ஜ் பக்கத்தில். ஒன்றில் சோபாவில், உட்கார்ந்த உயரத்தில். ஒன்றில் மகள் தரையில் கவிழ்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கட்டம் அவள் தலைக்கு மேல் குனிந்திருந்தது. சட்டென்று அடுத்த படத்துக்குத் தாவினான். பிறகு தன்னையே திட்டிக்கொண்டான். கிழட்டு மெஷின், நிழலைப் பார்த்து முகம் என்கிறது. அந்த வீட்டில் வேறு யார் நிழல் விழப்போகிறது?

"என் நிழல்தானே, என்கூடவே சேர்ந்து தொலை" என்று சொல்லிக்கொண்டே மொத்தப் படங்களையும் "அப்பா" என்ற பெயரில் சேர்த்துவிட்டான்.

விசிறி நின்றது.

நின்றபிறகுதான் அறை எவ்வளவு அமைதி என்பது தெரிந்தது. எழுந்து கதவருகே போய், மேலே இருந்த கேமராவுக்கு முகத்தைக் காட்டினான். சிவப்பு விளக்கு. கண்ணாடியைக் கழற்றிக் காட்டினான். சிவப்பு. திரும்பிப் பார்த்தால் திரையில் அவன் முகம், அதைச் சுற்றிக் கட்டம்.

"இவர் யார்?"

பெயர்ப் பட்டியலைத் திருத்தப் போனான். குடும்ப ஆள் முகம் காட்டினால்தான் திருத்த முடியும். அந்த விதியை எழுதியதே அவன்தான். யாருடைய படம் அதிகமோ அதுதான் அந்தப் பெயருக்குரிய முகம் என்று எழுதியதும் அவன்தான். அந்த வீட்டில் எப்போதும் படம் எடுக்கிறவன் அவன். அவன் இருக்கும் படங்கள் ஐம்பத்தெட்டுதான்.

திருப்புளியை எடுத்தான். பூட்டின் திருகாணிகள் வெளிப்பக்கம். மின்சாரத்தைப் பிடுங்கினாலும் திறக்காது. கரண்ட் போனாலும் திருடன் வரக் கூடாதென்று தேடித் தேடி வாங்கிய பூட்டு. தோளால் இடித்தான். கதவு அசையவே இல்லை.

திரையில் இப்போது கூடம், சத்தத்தோடு. நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. சோபாவிலிருந்து கட்டம் எழுந்தது. மெதுவாக வாசலுக்கு நடந்தது. கீழே பெயர்: "அப்பா."

"வராதீங்க" என்றான் திரையைப் பார்த்து.

வாசல் கதவு திறந்தது. மனைவி, கையில் பை. "அட, பெல் அடிக்கறதுக்குள்ள திறந்துட்டீங்களே!" என்றாள், எதிரே இருந்த வெறும் காற்றைப் பார்த்து.

மகள் இரண்டு கையையும் தூக்கினாள். கால்கள் தரையைவிட்டு எழும்பின. அந்தரத்தில் நின்றாள். கட்டம் அவள் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

"அதுகிட்ட போகாதீங்க! நான் இங்க இருக்கேன்! இங்க!" கதவை இரண்டு கையாலும் அறைந்தான்.

"அப்பா," மகள் காற்றின் காதில் சொன்னாள், "ஸ்டோர் ரூம்ல யாரோ கத்துறாங்க."

மனைவியின் முகம் வெளுத்தது. "யாருங்க உள்ள?" கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பதில் அவனுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. தலையாட்டினாள். "சரிங்க. பூட்டியே இருக்கட்டும்."

பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். அவன் குரல் அவளுக்குத் தெரியவில்லை.

திரையில் ஒரு வரி. "தெரியாத நபர். 58 படங்கள். நீக்கவா?" அவன் கை விசைப்பலகையைத் தொடும் முன்பே "ஆம்" அழுந்தியது.

கல்யாணப் படம் போனது. கடற்கரைப் படம் போனது. முப்பது. பன்னிரண்டு. பிறந்த அன்று மகளைக் கையில் ஏந்தி அழுதுகொண்டே சிரித்த படம் கடைசியாக நின்றது. அதுவும் போனது.

திரை அணைந்தது. அறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கறுத்த கண்ணாடிக்கு நேராகக் குனிந்து தன் முகத்தைத் தேடினான்.

பின்னாலிருந்த சுவர்தான் தெரிந்தது.